பிப்ரவரியில் இங்கிலாந்து: பட்டையைப் பார்த்து மரம் அறிந்த நாட்கள்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் போவார்கள். எனக்கு எல்லாம் கூடிவந்தது பிப்ரவரியில்தான். அப்போது அங்கே யூ, ஹாலி, பைன் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும். இலை இல்லாவிட்டால் என்ன, பட்டை இருக்கிறதே என்று அதையே இந்தப் பயணத்தின் வேலையாக வைத்துக்கொண்டேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஆவாரம்பட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைப் பார்த்த கண்ணுக்குப் பட்டை மேல் தனிப் பிரியம் உண்டு. அன்றன்று இரவு எழுதியதை நாள்வாரியாகத் தருகிறேன்.

பிப்ரவரி 8, சனி – பார்க்லி சதுக்கம், லண்டன்

ஐந்து டிகிரி குளிர். மழை என்று சொல்ல முடியாத ஒரு நச நசப்பு காலையிலிருந்தே. ஈஸ்ட் ஹாமில் தம்பி மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். "இந்தக் குளிர்ல மரத்தைப் பாக்கவா போறீங்க பெரியப்பா?" என்று கேட்டுக்கொண்டே தன் கணவரின் கனமான கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

லண்டனில் முதலில் பழக வேண்டிய மரம் பிளேன். தெருவெல்லாம் அதுதான். மேஃபேர் பகுதியில் பணக்கார வீடுகளுக்கும் விலையுயர்ந்த கார் ஷோரூம்களுக்கும் நடுவே இருக்கும் பார்க்லி சதுக்கத்தில், 1789இல் நட்ட பிளேன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. பட்டை சின்னச் சின்னச் சில்லுகளாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிர்ந்த இடம் வெளிறிய மஞ்சள்; கொஞ்ச நாள் ஆன இடம் பச்சை கலந்த பழுப்பு; அதற்கும் பழைய இடம் சாம்பல். ஒரே அடிமரத்தில் மூன்று நான்கு நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் அது பிளேன்தான். நிலக்கரிப் புகை மண்டிய லண்டனில் இந்த மரம் தாக்குப்பிடித்ததற்கு, கரி படிந்த பட்டையை அவ்வப்போது கழற்றிப் போடுவதுதான் காரணம் என்று சொல்வார்கள். காலடியில் கிடந்த ஒரு சில்லை எடுத்துப் பார்த்தேன். நகத்தால் ஒடிக்கலாம். உட்புறம் வழவழப்பாக, ஈரமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டையைப் பிரித்தறிய அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், படம் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மரம் வருடா வருடம் உள்ளிருந்து பருக்கிறது. வெளியே இருப்பது உயிரற்ற தக்கை. உள்ளே இருப்பது பருக்கப் பருக்க வெளியே இருப்பது என்ன செய்யும்? வெடிக்கலாம், உரியலாம், சில்லாகக் கழன்று விழலாம். அல்லது தக்கையை உண்டாக்கும் மெல்லிய படலமே கூடச் சேர்ந்து அகன்றுகொடுக்கலாம். ஒவ்வொரு மரமும் இதில் ஒரு வழியைப் பிடித்துக்கொள்கிறது. பிளேன் கழற்றிப் போடுகிற ரகம்.

பக்கத்துக் கடையில் ஒரு காபி 3.80 பவுண்டு. ரூபாயில் கணக்குப் போடுவதை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு – எப்பிங் காடு

இந்தப் பயணத்தின் சிறந்த நாள் இதுதான். தம்பி மகளும் கூட வந்தாள். மைல் எண்டில் ரயில் மாறி லௌட்டனில் இறங்கி, கால் மணி நேரம் நடந்தால் காடு. பாதையெல்லாம் சேறு. கணுக்கால் வரை உள்ளே போகும் சேறு, இலைச் சருகு மூடியிருப்பதால் எங்கே ஆழம் என்று தெரியாது. அவளுடைய ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. எதிரே நாயோடு வந்த வயதான தம்பதி நின்று, அந்த அம்மா தன் கைத்தடியை நீட்டி ஷூவைக் கிளறி எடுத்துக் கொடுத்தார். "நாங்கள் வாரம் ஒரு தடவை இதைச் செய்கிறோம்" என்றார். அவர்களிடம் நான் பட்டை பார்க்க வந்திருப்பதைச் சொன்னதும், அந்தப் பெரியவர் முகம் மலர்ந்து எங்களைப் பாதையை விட்டு உள்ளே அழைத்துப் போனார்.

ஹார்ன்பீம் மரமும் பீச் (beech) மரமும் அடுத்தடுத்து நிற்கும் ஓர் இடம். இரண்டுமே சாம்பல் நிறம். இரண்டுக்கும் வழவழப்பான பட்டை. "கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பிடியுங்கள்" என்றார். பீச்சைக் கட்டினால் உருண்டையாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறது. ஹார்ன்பீமைக் கட்டினால் அடிமரம் முழுக்க நீளவாக்கில் மேடும் பள்ளமும், கை உள்ளே போய் வெளியே வருகிறது. கண்ணைத் திறந்து பார்த்தால் அந்தச் சாம்பலுக்குள் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள் ஓடுகின்றன. சந்தேகம் இருந்தால் மொட்டைப் பார்க்கலாம்: பீச்சின் மொட்டு நீண்டு கூர்மையாகக் குச்சியை விட்டு விலகி நிற்கும், ஹார்ன்பீமின் மொட்டு குச்சியோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

பீச்சில் யாரோ பெயர் செதுக்கியிருந்தார்கள். 1951 என்ற எண் மட்டும் படிக்கும்படி இருந்தது. நெஞ்சு உயரத்தில்தான் இருக்கிறது, எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் மேலே ஏறவில்லை. மரம் நுனியில்தான் உயர்கிறது, அடிமரம் பக்கவாட்டில் மட்டும் பருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எண்கள் பக்கவாட்டில் இழுபட்டு, 9இன் வயிறு உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. ஓக்கில் இப்படிச் செதுக்கினால் சில பத்தாண்டுகளில் பட்டையோடு உதிர்ந்து போய்விடும். பீச் தன் முதல் தோலையே கடைசிவரை அகலப்படுத்திக்கொண்டு போவதால் பட்ட காயம் அப்படியே நிற்கிறது. செதுக்கியவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்த மரங்களின் உருவமே விசித்திரம். ஆள் உயரத்துக்கு மேல் அடிமரம் முடிந்து, அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கனத்த கிளைகள் ஒரே இடத்தில் கிளம்புகின்றன. காலங்காலமாக விறகுக்காக அந்த உயரத்தில் வெட்டி வந்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வெட்டினால் துளிரை மாடும் மானும் தின்றுவிடும். லௌட்டன் ஊராருக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை கிளை வெட்டும் உரிமை இருந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைப் பொதுமக்களுக்கென்று காப்பாற்றியபோது அந்த உரிமை போயிற்று. ஈடாகக் கிடைத்த பணத்தில் கட்டிய லாப்பிங் ஹால் இன்றும் ஊருக்குள் இருக்கிறது. வெட்டுவது நின்றதால் கிளைகள் எல்லாம் தனி மரம் அளவுக்குப் பருத்து, பாரம் தாங்காமல் சில மரங்கள் நடுவே பிளந்து கிடந்தன.

பிர்ச்சிடம் அதிக நேரம் நின்றேன். வெள்ளைப் பட்டை என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தால் பாதி பிர்ச்சைத் தவற விட்டுவிடுவோம். விரல் பருமன் கன்று செம்பழுப்பாகப் பளபளக்கிறது. இளமரம் வெள்ளையாகி, குறுக்கே மெல்லிய ஏடுகளாக உரிகிறது. வயதானதன் அடிப்பகுதி கறுத்து, சாய்சதுர வடிவில் வெடித்து, கரடுமுரடாகக் கிடக்கிறது. தலையை நிமிர்த்தினால்தான் மேலே வெள்ளை தெரியும். அந்த வெள்ளைக்குக் காரணம் பெட்டுலின் என்ற பொருள். பட்டை நனைந்திருந்தாலும் எரியும் என்று பெரியவர் சொல்லி, கீழே கிடந்த ஒரு துண்டைத் தீக்குச்சியால் கொளுத்திக் காட்டிவிட்டு, மிதித்து அணைத்து, அணைந்ததை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது.

ஹை பீச் என்ற இடத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் ஒரு டீக்கடை. டீயும் கனத்த பிரெட் புட்டிங் துண்டும் சேர்த்து நாலு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள் – பெர்மண்ட்சி

நாள் முழுக்க மழை. காட்டுக்குப் போக வழியில்லை. தேம்ஸுக்குத் தெற்கே பெர்மண்ட்சிக்குப் போனேன். லண்டனின் பழைய தோல் பதனிடும் பேட்டை. டானர் தெரு, மொரோக்கோ தெரு, லெதர்மார்க்கெட் என்று பெயர்கள் மட்டும் மிச்சம். தோல் வணிகம் நடந்த பழைய கட்டடத்தின் முகப்பில் அந்தத் தொழிலைக் காட்டும் வட்டச் சிற்பங்கள் இருக்கின்றன. குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். குழிக்குள் குனிந்து தோலை இழுக்கும் உடம்பின் வளைவு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

இங்கே பதனிட்டது ஓக் பட்டையில். வசந்தத்தில் சாறு ஏறும்போதுதான் பட்டை கட்டையை விட்டு எளிதாகக் கழலும். அந்த வாரங்களில் உரித்து, காயவைத்து, அரைத்து, குழி நீரில் போடுவார்கள். தடித்த தோல் அதில் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஊறும். டெவன் பகுதியில் கோலிட்டன் என்ற ஊரில் இன்றும் ஒரு பட்டறை ஓக் பட்டையில்தான் பதனிடுகிறது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்த நம் ஊர்த் தோலும் மதராஸ் துறைமுகம் வழியாக லண்டனுக்குத்தான் கப்பலேறியது. திண்டுக்கல் குழியும் பெர்மண்ட்சி குழியும் ஒரே வியாபாரத்தின் இரண்டு முனைகள் என்பது அந்த மழையில் நின்றபோது என்னை ரொம்பவே அசைத்துவிட்டது. தோலைப் பதனிடும் டானின் என்ற பொருள் பட்டையில் இருப்பது நமக்காக அல்ல. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக மரம் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

மதியம் ரயில் பாலத்தடியில் ஒரு கடையில் பட்டாணிச் சூப், ரொட்டி, 6.50 பவுண்டு. சூடாக இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய் – கிரீனிச் பூங்கா

மழை விட்டிருந்தது. வெயில் இல்லை, வெளிச்சம் இருந்தது. பட்டை பார்க்க அதுதான் நல்லது. வெயிலடித்தால் நிழல் விழுந்து எல்லாப் பட்டையும் ஒன்று போலத் தோன்றும்.

இங்கே 1660களில், இரண்டாம் சார்லஸ் காலத்தில் நட்ட ஸ்வீட் செஸ்ட்நட் மரங்கள் இருக்கின்றன. இளமையில் பட்டை நேராகத்தான் வெடிக்கிறது. வயதாக வயதாக வெடிப்புகள் சாய்ந்து, ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்தது போல மரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகின்றன. ஒரு மரத்தில் வலப்பக்கமாக, அடுத்ததில் இடப்பக்கமாக. பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தேன். இடுப்பு உயரத்தில் தொடங்கிய விரல் ஒரு சுற்று முடிவதற்குள் தலைக்கு மேலே போய்விட்டது.

பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் மேலங்கி போட்டு வரிசையாக வந்தார்கள். அதே மரத்தைக் கை கோத்து அளந்தார்கள். ஆறு பிள்ளைகள் போதவில்லை. கடைசி இடைவெளிக்கு ஆசிரியை என்னைப் பார்த்து, "உங்கள் கை கிடைக்குமா?" என்று கேட்டார். ஒரு பக்கம் கையுறை போட்ட கை, இன்னொரு பக்கம் ஜாம் ஒட்டிய கை.

ஓக்கையும் இங்கேயே பழகிக்கொண்டேன். செஸ்ட்நட்டின் வெடிப்பு நீளம். ஓக்கின் வெடிப்பு குட்டை. கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும், குறுக்கே இன்னொன்று வந்து வெட்டும், நடுவில் கட்டி கட்டியாகப் பட்டை தங்கும். ஓக்கில் பழைய படலம் செத்து, அதற்கு உள்ளே புதிது, அதற்கும் உள்ளே இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போவதால்தான் இத்தனை தடிமன். துருக்கி ஓக் என்ற வேற்றூர் வகை ஒன்று உண்டு. அதன் பள்ளத்தின் அடியில் ஆரஞ்சு நிறம் தெரியும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் மறக்காது.

தேம்ஸ் பாலத்தில் சுட்ட செஸ்ட்நட் விற்றார்கள். ஒரு சின்னப் பொட்டலம் ஐந்து பவுண்டு. மாவாக, லேசான இனிப்பு. விலைக்கு அது தகாது, ஆனால் மறுபடியும் வாங்குவேன்.

பிப்ரவரி 13, வியாழன் – ஆக்ஸ்ஃபோர்டு, போர்ட் மெடோ

ரயில் டிட்காட் அருகே ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறு என்று ஒரு தடவை சொன்னார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஹீட்டரும் நின்றுபோனது. யாரும் குரல் உயர்த்தவில்லை. பெருமூச்சு விட்டார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், எதிர் சீட்டுப் பெண்மணி பிஸ்கட் டப்பாவைத் திறந்து முன்பின் தெரியாத எங்கள் எல்லோருக்கும் நீட்டினார். அதற்குப் பிறகுதான் பெட்டியில் பேச்சே தொடங்கியது.

போர்ட் மெடோ பாதி வெள்ளத்தில் கிடந்தது. வாத்துகள் புல்வெளியில் நீந்தின. ஆற்றங்கரை வில்லோ மரங்களின் பட்டை ஆழமாக வெடித்து, மேடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைப் பின்னலாக இருக்கிறது. கிராக் வில்லோ என்ற வகையின் குச்சியை அடியில் லேசாக அழுத்தினால் டக்கென்று ஒடியும். கீழே விழுந்து கிடந்த குச்சி ஒன்றின் பட்டையை உரித்து மென்றேன். வேப்பங்குச்சி மென்று பழகிய வாய்க்கும் கசப்புத்தான்.

இந்தக் கசப்பிலிருந்து ஒரு பெரிய கதை. இங்கிருந்து வடமேற்கே சிப்பிங் நார்ட்டனில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் வில்லோ பட்டையைச் சுவைத்து, அது பெருவிலிருந்து வந்த காய்ச்சல் மருந்தான சிங்கோனா பட்டை போலவே கசப்பதைக் கவனித்தார். காயவைத்துப் பொடித்து, முறைக் காய்ச்சல்காரர்கள் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1763இல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வில்லோ பட்டையில் இருந்தது சாலிசின் என்ற பொருள். அந்தத் தடம் 1897இல் ஆஸ்பிரின் வரை போனது. சிங்கோனாவை வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரியில் நட்டு, நடுவட்டத்தில் கொய்னா தயாரித்த கதை நமக்குத் தெரியும். நீரோரச் சதுப்பில் காய்ச்சல் வருகிறதென்றால் மருந்தும் அங்கேயேதான் இருக்கும் என்று ஸ்டோன் நம்பியது அறிவியல் அல்ல. ஆனால் அந்த நம்பிக்கையோடு நிற்காமல் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்துக் குறித்து வைத்தாரே, அதற்காக அவரை வணங்குகிறேன்.

பிப்ரவரி 15, சனி – பாக்ஸ் ஹில், சர்ரே

மோல் ஆற்றைக் கடக்க இங்கே படிக்கற்கள் போட்டிருப்பார்கள். வெள்ளத்தில் கற்கள் முழுகிக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி இருக்கும் நடைப்பாலம் வழியாகப் போய் நானும் தம்பி மகளும் மலை ஏறினோம். சுண்ணாம்பு மண், ஈரத்தில் வெண்ணிறக் குழம்பாக வழுக்கியது. மர வேரையே படியாகப் பிடித்து ஏற வேண்டியிருந்தது.

சரிவெல்லாம் யூ. ஈரத்தில் அதன் பட்டை சிவப்பும் ஊதாவுமாக, இப்போதுதான் உரிந்தது போல ஒளிர்ந்தது. மெல்லிய செதில்கள், உரிந்த இடம் ரத்தச் சிவப்பு. இலை இருக்கிற மரம்தான், ஆனாலும் இருட்டில் பட்டையைக் கொண்டே சொல்லலாம். பக்கத்தில் ஸ்காட்ஸ் பைன் ஒன்று, கீழே பழுப்புப் பாளங்கள், மேலே போகப் போக ஆரஞ்சு. காட்டு செர்ரி ஒன்று, பளபளக்கும் செம்பழுப்பு உடம்பில் குறுக்குக் கோடுகளாக மூச்சுத் துளைகள்.

ஆஷ் மரத்திடம் வந்தபோது மனசு கனத்துவிட்டது. முதிர்ந்த ஆஷின் பட்டை அழகு. சாம்பல் மேடுகள் பின்னிப் பின்னிச் சாய்சதுரமாக ஓடும். கிளை நுனியில் கரியாகக் கறுத்த மொட்டு. அந்த மொட்டு வேறு எந்த மரத்துக்கும் கிடையாது. ஆனால் இப்போது பட்டையில் வேறொரு சாய்சதுரத்தைத் தேட வேண்டியிருக்கிறது: கிளை சேரும் இடத்தைச் சுற்றிப் பழுப்பாக உள்வாங்கிய ஒரு புண். 2012இல் பிரிட்டனில் கண்டறிந்த பூஞ்சை நோய். ஆஷ் மரங்களில் 80 சதவீதம் வரை போய்விடலாம் என்கிறார்கள். பாதையோரம் பல மரங்களில் பெயின்ட் புள்ளி. ஆள் மேல் விழாமல் இருக்க வெட்டப் போகிறவை.

வேலி சரிசெய்துகொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என்னோடு நின்றார். 1970களில் எல்ம் மரங்கள் செத்ததை இளவயதில் பார்த்தவர். இரண்டரைக் கோடிக்கு மேல். ஒரு பூஞ்சை, அதைச் சுமந்து வந்த பட்டை வண்டு. செத்த எல்மின் பட்டையை உரித்தால் உட்புறத்தில் வண்டுப் புழுக்கள் குடைந்த தடம், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் விரல் விட்டது போலத் தெரியுமாம். "எங்கள் அப்பா எல்ம் மரங்களை வெட்டினார். நான் ஆஷ் மரங்களுக்குப் புள்ளி வைக்கிறேன்" என்றார். கையுறையைக் கழற்றி எங்களிடம் கை குலுக்கிவிட்டு வேலைக்குத் திரும்பினார். தம்பி மகள் கீழே இறங்கும் வரை பேசவில்லை.

நோய்க்கு ஈடுகொடுத்து நிற்கும் ஆஷ் மரங்களும் இருக்கின்றன. அவற்றின் விதையைச் சேகரித்து வளர்த்துப் பார்க்கிறார்கள். அந்த மரங்களை அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாது என்பதால்தான் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பார்த்துப் புள்ளி வைக்கிறார்கள். நின்று பட்டையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் நிறையத் தேவை.

பிப்ரவரி 16, ஞாயிறு – ஈஸ்ட் ஹாம்

கால் வலி, வெளியூர் போகவில்லை. ஹை ஸ்ட்ரீட்டில் மசால் தோசையும் பில்டர் காபியும். சாம்பார் பரவாயில்லை, சட்னி நன்றாக இருந்தது.

மாலையில் தம்பி மகளின் பையனோடு தெருவில் நடந்தேன். ஏழு வயது. தெரு மரம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே வந்தவன், ஒன்றின் முன் நின்று, "தாத்தா, இது மேல ஒரு மரம், கீழ ஒரு மரம்" என்றான். உண்மைதான். அவன் தலைக்கு மேலே கொஞ்ச தூரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பளபளப்பான செம்பழுப்பு, குறுக்கே மூச்சுத் துளைகள், நேற்று மலையில் பார்த்த அதே காட்டு செர்ரி. மேலே சாம்பல் கலந்து, கொஞ்சம் புடைத்து, சொரசொரப்பாக வேறொரு பட்டை. அழகுக்காக நடும் ஜப்பான் செர்ரியைக் காட்டு செர்ரியின் தண்டில் ஒட்டுக்கட்டி வளர்ப்பதுதான் இங்கே வழக்கம். எத்தனை வருடம் ஆனாலும் இரண்டும் தன் தன் பட்டையைத்தான் போடுகின்றன.

வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த சீக்கியப் பெரியவர் நாங்கள் அந்தக் கோட்டைத் தடவுவதைப் பார்த்துவிட்டு வந்தார். ஏப்ரல் கடைசியில் மேலே ரோஜா நிறத்தில் அடுக்குப் பூவாகப் பூக்கும், அடித்தண்டில் கிளை விட்டால் அதில் மட்டும் ஒற்றை வெள்ளைப் பூ பூக்கும் என்றார். கவுன்சில்காரர்கள் வந்தால் அந்தக் கிளையை வெட்டிவிடுவார்களாம். "போன வருஷம் வரவில்லை, அதனால் இரண்டும் பூத்தது" என்று போனைத் திறந்து படத்தைக் காட்டினார். பையன் அதைத் தன் அம்மாவுக்கு அனுப்பச் சொல்லி நம்பரை ஒப்பிக்கத் தொடங்கினான்.